உலோகந் தேடும் உள்ளம்

கையிலுள்ள பொருளைப் பேணுவதிற் காட்டாத ஊக்கத்தை, காணாமற்போன பொருளைத் தேடுவதில் மனிதன் காட்டுகின்றான். மாலைப்பொழுதில் நம் டச்பே கடற்கரையில் ஓர் அம்மையாரின் மூக்குத்தித் திருகு மணலில் விழுந்துவிட்டதென்று கொள்வோம். சிறிது நேரத்தில் அவரைச் சூழப் பத்துப்பேர் குந்தியிருந்து மணலை அளைவர். கச்சான் விற்கும் ஆச்சி தம் கடகத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வந்து சேர்வார். பந்தாடிய சிறுவர் பந்தை மறப்பர். திருகின் விலை யாது என்று அவர்களுள் எவரும் வினவார். ‘இங்கேதான் எங்கேயோ கிடக்கின்றது’ என்னும் எண்ணமே அவர்களைப் பிணித்துவிடுகின்றது.

இவ்வூக்கத்துக்குத் துணையாக வந்து வாய்த்ததே உலோகங் கண்டறியுங் கருவி. நம் நாட்டுப் பத்திரிகைகள் இதனை ‘ஸ்கேனர்’ என எழுதுதல் வழக்கம். நீண்ட கைபிடி ஒன்றின் நுனியில் வட்டமான தட்டு. காதில் அணிதற்கு ஒலிக்கருவி. இடையே மின்கலமும் சில மின்னுறுப்புக்களும்: இவையே அதன் அங்கங்கள். இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் இதனைக் கையிலேந்தி, ஓய்வுநாள்தோறும் வயலிலும் கடற்கரையிலும் நடந்து திரிவோர் மிகப் பலர். காலையிற் புறப்பட்டு மாலையில் மீளும் அவர்கள் கொண்டுவருவன பெரும்பாலும் துருவேறிய ஆணிகளும், போத்தல் மூடிகளும், பொத்தான்களும், எப்பொழுதாவது ஒரு செப்புக்காசுமே. எனினும் அடுத்த வாரம் மீண்டுஞ் செல்வர். அடுத்த ஆண்டுஞ் செல்வர். பொன்னாசையே இதற்குக் காரணம் என்று கூறின் அது பொருந்தாது. பொன்னாசை கொண்டவன் இத்துணைப் பொறுமையுடையவனாய் இரான். ஆகவே, இப்பொழுதுபோக்கு ஒருவனை இவ்வாறு ஆட்கொள்ளுதற்குக் காரணம் யாது? அவ்வேட்கைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் நாம் எத்தகைய இடம் அளித்தல் தகும்? இவ்விரண்டையும் ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கருவியின் வரலாறு ஒரு துப்பாக்கிக் குண்டிலிருந்து தொடங்குகின்றது. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்பீல்ட் சுடப்பட்டார். உடலுட் புகுந்த ஈயக் குண்டு எங்குத் தங்கியதென்பதை மருத்துவரால் அறிய இயலவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டறியப்படாத காலம் அது. தொலைபேசிக்குப் பேர்போன அலெக்சாந்தர் கிரகாம் பெல், மின்காந்தத் தூண்டலை அடிப்படையாகக் கொண்ட கருவி ஒன்றை அமைத்து, நோயாளியின் உடல்மீது அதனை நகர்த்திக் குண்டைத் தேடினார். குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த உருக்குச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்றும், மருத்துவர் கருதிய பக்கத்தில் மட்டுமே தேடுதற்கு இடமளிக்கப்பட்டது என்றும் காரணங் கூறுவர். அவ்வாண்டு செப்டெம்பர் 19-ஆம் நாள் ஜனாதிபதி உயிர் நீத்தார்.

பெல் தொடங்கிய முயற்சியைப் பிறர் வளர்த்தனர். ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய கெர்ஹார்ட் பிஷர் என்பார், கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவி ஒன்றுக்கு 1937-இல் உரிமைப்பத்திரம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது போலந்துப் படை அதிகாரியான யோசெப் கோசாட்ஸ்கி அமைத்த கண்ணிவெடி காண் கருவி, 1942-இல் எல் அலமெயின் போர்க்களத்திற் பயன்பட்டது. போர் முடிந்தபின் எஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. ஓர் உயிரைக் காத்தற்கென எழுந்து, வெடியைக் காண்டற்கென வளர்ந்த கருவி, இவ்வாறு ஓய்வுநேரத் தோழனாயிற்று. அதன் பழைய தொழிலை நம் நாடு மறத்தற்கில்லை. அதனைப் பின்னர்க் கூறுவாம்.

இக்கருவி தொழிற்படும் முறையை மேல்வகுப்பு மாணவர் எளிதில் உணர்ந்துகொள்வர். தட்டினுள்ளே செப்புக் கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அதனூடு இடையறாது மாறும் மின்னோட்டம் பாய்தலால், சுருளைச் சூழ மாறுங் காந்தப்புலம் ஒன்று தோன்றுகின்றது. அப்புலம் நிலத்துட் கிடக்கும் உலோகத்தை எட்டியதும், மைக்கேல் பரடே 1831-இற் கண்ட தூண்டல் விதிப்படி, அவ்வுலோகத்தினுள்ளே சிறு மின்சுழிகள் எழுகின்றன. அம்மின்சுழிகள் தமக்கென வேறொரு காந்தப்புலத்தைத் தோற்றுவிக்க, தட்டிலுள்ள மற்றொரு சுருள் அதனை ஏற்கின்றது. மின்னுறுப்புக்கள் அதனை ஒலியாக மாற்றுகின்றன. மலைச்சாரலில் நின்று கூவினால் எதிரொலி மீளுதல் போன்றது இது. வெள்ளியும் செம்பும் தரும் எதிரொலி ஒரு வகை. இரும்பு தருவது வேறு வகை. காசளவான பொருள் ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்துட் கிடப்பின் பெரும்பாலும் அகப்படும். நூறடி ஆழத்திலுள்ள பொற்குடத்தைக் காட்டுவேன் என்று ஒருவன் கருவி விற்க வந்தால், அவன் தேடுவது நம் பணப்பையையே என்று கொள்ளுதல் வேண்டும்.

நிலமும் வாளாவிருப்பதில்லை. நம் மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலை அறியாதார் இலர். அதில் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கோன் முதலிய கனியங்கள் செறிந்துள்ளன. இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. இத்தகைய இரும்புக் கனியங்கள் மிகுந்த மண்ணிற் கருவி ஓயாது முணுமுணுக்கும். உப்புநீர் தோய்ந்த மணலும் மின்னைக் கடத்துவதால் அங்கும் இத்தொல்லை உண்டு. ஆகலின், நிலத்தின் முணுமுணுப்பு எது, பொருளின் குரல் எது என வேறு பிரித்தறியக் காது பழகுதல் வேண்டும்.

இனி, நம் நிலத்துள் யாது கிடக்கின்றது? சோழர் காலக் கல்வெட்டுக்கள் இம்மாவட்டத்திற் பல உள. அதன்பின் வந்தோர் வரிசை நீளமானது. 1620-இல் டென்மார்க்கினர் வந்தனர். போர்த்துக்கேயர் 1624-இற் கோட்டை எழுப்பினர். 1639-இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1672-இலும் 1782-இலும் பிரெஞ்சுக் கப்பற்படைகள் இத்துறையில் நங்கூரமிட்டன. 1795-இற் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று; அவர்தம் கடற்படைத்தளம் 1957 வரை இங்கு நிலைத்தது. 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. இங்ஙனம் வந்தவர் அனைவரும் எதையோ தவறவிட்டே சென்றிருப்பர். படை பெயர்ந்தால் பொத்தான் எஞ்சும். படகு சிதைந்தால் ஆணி எஞ்சும். சந்தை கலைந்தால் காசு எஞ்சும். ஒல்லாந்தக் கும்பனி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டில் அடித்த தடித்த செப்புக்காசுகளிற் கும்பனியின் முத்திரைக்கு மேலே ஓர் எழுத்துக் காணப்படும். கொழும்புக்கு ‘சி’, காலிக்கு ‘ஜி’, யாழ்ப்பாணத்துக்கு ‘ஐ’, திருகோணமலைக்கு ‘ரி’ என்னும் ஆங்கில எழுத்துக்களே அவை. நம் ஊரின் பெயர் தாங்கிய காசு ஒருகாலத்திற் கைக்குக் கை மாறியது என்பதை நம்முட் பலர் அறியார்.

இவ்வளவும் காலடியிற் கிடக்கக்கூடும் என்று அறிந்தவன் உள்ளத்தில் எழும் வேட்கைக்குக் காரணங்கள் நான்கு எனலாம்.

முதலாவது, பயன் எப்பொழுது வரும் என்று அறிய இயலாமை. பி. எப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூலார் புறாக்களை வைத்து ஆராய்ந்தார். ஒரு வில்லையைக் கொத்தினால் உணவு கிடைக்கும் என்று புறாவைப் பழக்கினார். கொத்துந்தோறும் உணவு பெற்றுப் பழகிய புறா, உணவு நின்றதும் விரைவிற் சலித்து ஓய்ந்தது. எத்தனையாவது கொத்துக்கு உணவு வரும் என்று அறியாதவாறு பழகிய புறாவோ ஓயாது கொத்தியது. இதனை அறிய நமக்குப் புறாவும் வேண்டா. இறங்குதுறைப் பாலத்திற் தூண்டிலோடு அமர்ந்திருப்பவரை நோக்குக. வீசுந்தோறும் மீன் அகப்படுமாயின் அவர் அதனைத் தொழிலென்பார், விளையாட்டென்னார். ஒருபோதும் அகப்படாதாயின் எழுந்து வீடு செல்வார். எப்பொழுதாவது அகப்படுவதனாலேயே இருட்டியபின்னும் ‘இன்னும் ஒரு வீச்சு’ என்று இருக்கின்றார். சூதும் இவ்விழையையே பற்றி இழுக்கின்றது. ஆகவே, இவ்வின்பத்தில் ஒரு பங்கு மயக்கமே என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆனால் அது முழுவதும் மயக்கமன்று. இரண்டாவது காரணம் பயிற்சி. சூதாடி எத்தனை ஆண்டு ஆடினும் காய் அவன் சொற்படி விழாது. தேடுவோனோ நாளுக்குநாள் திறன் மிகப்பெறுகின்றான். முதலில் எல்லா ஒலியும் அவனுக்கு ஒன்றே. சின்னாளில் ஆணியின் கரகரப்பு வேறு, காசின் தெளிந்த குரல் வேறு என அறிகின்றான். சுருதி பழகிய காது அரைச்சுரப் பிழையையும் பொறாமைபோல, அவன் காதும் கூர்மை பெறுகின்றது. செய்யுந் தொழில் தன் திறமைக்குச் சற்றே மேலாக நிற்கும்பொழுது மனம் அதில் ஒன்றி, நேரம் போவதை மறக்கும் என்பது உளநூலார் கருத்து. வீணை பயில்வோரும், கணக்கு விடுவிக்கும் மாணவரும் இந்நிலையை அறிவர்.

மூன்றாவது, நிலத்தை வாசித்தல். தேர்ந்தவன் கண்ட இடமெல்லாம் தேடுவதில்லை. ‘இங்கே மனிதர் ஏன் நின்றனர்?’ என்பதே அவனது முதல் வினா. பழைய நிலப்படத்தைப் பார்க்கின்றான், முதியோரை வினவுகின்றான், கிணறு, சந்தி, துறை, நிழல்மரம் என்பவற்றைக் குறிக்கின்றான். 2009-இற் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குச் செல்வோர் ‘பாதை’யிலேயே நீரைக் கடந்தனர். அங்குக் காத்து நின்றவர் எத்தனை தலைமுறையினர்! மடியை அவிழ்த்துக் காசெடுத்தவர் கை தவறியது எத்தனை முறை! இவ்வாறு எண்ணப் பழகியவனுக்கு வெறுநிலம் என்பது இல்லை. முன்னர்ப் பாலத்தின்மீது விரைந்து சென்றவன், இப்பொழுது கீழே நோக்கிப் பழைய துறை எங்கே என்று தேடுவான். சரித்திரப் பாடம் கற்பித்தற்கு இதனினும் சிறந்த வாயில் அரிது.

நான்காவது காரணமே ஆழமானது. மண்ணிலிருந்து வெளிவரும் பொருளைத் தேடுவோன் தொடும்பொழுது, அதனை இறுதியாகத் தொட்டவர் முந்நூறு ஆண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவராயிருத்தல் கூடும். இடையே வேறு எவர் கையும் இல்லை. அவர் பெயர் தெரியாது, மொழி தெரியாது, காசைத் தொலைத்த அன்று அவர் வீட்டில் உலை ஏறியதோ இல்லையோ தெரியாது. எனினும் அவர் கை விட்ட இடத்தில் நம் கை பற்றுகின்றது. நூல்களில் அரசரும் தளபதியரும் வருகின்றனர். தவறவிட்ட பொருள்களிலோ சாதாரண மாந்தர் வருகின்றனர். அவர்தம் வரலாற்றை எழுதுதற்கு இவையன்றி வேறு ஏடு பெரும்பாலும் இல்லை.

இவ்வேட்கையை நான் நூலால் மட்டும் அறிந்தவனல்லேன். சிறுவனாயிருந்த காலத்திற் பழுதுபட்ட வானொலிப்பெட்டி ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றி, தூண்டில் நூலிற் கட்டி, கடற்கரை நெடுக இழுத்துச் செல்வது என் வழக்கம். ஆணியும் தகரமும் அதில் ஒட்டும். கருமணல் தாடிபோல அடர்ந்து தொங்கும். அக்காலத்து எங்களுக்குச் செல்லத்தக்க இடங்கள் சில. செல்லலாகாத இடங்களே பல. அதனால், செல்லத்தக்க அச்சிறு கரையின் ஒவ்வோர் அடியையும் நான் அறிந்திருந்தேன். வாடைமழை ஓய்ந்த ஒரு மாலையில், காந்தம் கிளறிய மணலிற் பச்சை படர்ந்த வட்டமொன்று தெரிந்தது. செம்பு காந்தத்தில் ஒட்டாது. அது தற்செயலாகவே வெளிப்பட்டது. அதன் ஒரு பக்கத்தில் மூன்று எழுத்துக்கள் பின்னிக் கிடந்தன. ‘வீ’, ‘ஓ’, ‘சி’ எனக் கூட்டி வாசித்த நான், கப்பலோட்டிய சிதம்பரம்பிள்ளையவர்கள் வெளியிட்ட காசே அது என்று முடிவுகட்டிவிட்டேன்! மறுநாள் அதனை ஆசிரியரிடம் காட்டுதற்கு முன் அழகுபடுத்தல் வேண்டும் என்று எண்ணி, விளக்கீட்டுக்குக் குத்துவிளக்குத் துலக்குமாறு போலப் புளியும் சாம்பலும் இட்டு இரவிரவாகத் தேய்த்தேன்.

ஆசிரியர் அதனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். அது ஒல்லாந்தக் கும்பனியின் காசு என்றார். முத்திரைக்கு மேலே ஓர் எழுத்து இருந்திருக்கும். அது தெரிந்தால் எவ்வூரில் அடித்ததென்று கூறலாம் என்றார். அவ்வெழுத்து இருந்த இடம் பளபளவென்று வெறுமையாயிருந்தது. பின்னர், “எவ்விடத்தில் எடுத்தாய், தம்பி? எவ்வளவு ஆழம்? பக்கத்தில் வேறென்ன கிடந்தது?” என்று வினவினார். “கடற்கரையில், ஐயா” என்பதற்கு மேல் என்னிடம் விடை இல்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை. காசை என் கையில் வைத்து மூடினார், அவ்வளவே. 2004-ஆம் ஆண்டு டிசெம்பர் 26-ஆம் நாள் கடல் எம் வீட்டுள் புகுந்தபொழுது ஏனைய பொருள்களோடு அக்காசும் போயிற்று. இன்று காசும் இல்லை. அதன் எழுத்தும் தெரியாது. கிடந்த இடமும் தெரியாது. மூன்றனுள் கடல் கொண்டது ஒன்றே. மற்றை இரண்டையும் தொலைத்தவன் நானே.

என் ஆசிரியரின் வினாக்களுள் அடங்கியிருந்த உண்மையைப் பிற்காலத்திற் கற்றேன். பழம்பொருளின் விலை அதன் உலோகத்தில் இல்லை. அது கிடந்த இடத்திலும், அதனோடு கிடந்தவற்றிலும் உள்ளது. 1961-ஆம் ஆண்டில் மைக் வில்சன் என்பார், இலங்கையின் தென்கிழக்கே கிரிந்தைக்கு அப்பாலுள்ள கிரேட் பாசஸ் என்னும் பாறைத்தொடரின் அடியில், பீரங்கிகளோடு கட்டி கட்டியாக இறுகிக் கிடந்த வெள்ளி ரூபாக்களைக் கண்டார். அவை மொகலாய மன்னர் ஔரங்கசீப்பின் பெயரால் சூரத்தில் 1702-இல் அடிக்கப்பட்டவை. தனியே ஒரு ரூபாவைச் சந்தையிற் கண்டிருந்தால் அது சூரத்து ரூபா என்பதற்கு மேல் ஒன்றும் அறிந்திரோம். ஒரே ஆண்டின் காசுகள் புழக்கத்துக்கு வாராது ஒருங்கே கட்டுண்டு கிடந்தமையாலேயே, அச்சாலையிலிருந்து புதிதாகப் புறப்பட்ட பணத்தைச் சுமந்த கப்பலொன்று அங்குச் சிதைந்தது என்று துணிய முடிந்தது.

இவ்வுண்மையை உணர்ந்து நடந்த ஒருவரை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். 1992-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் இங்கிலாந்தின் ஹொக்ஸ்ன் என்னும் சிற்றூரில், கமக்காரர் ஒருவர் தம் வயலிற் தவறவிட்ட சுத்தியலைத் தேடித் தருமாறு கருவி வைத்திருந்த நண்பரைக் கேட்டார். நண்பர் சுத்தியலைத் தேடச் சென்று, பொன்னும் வெள்ளியுமான உரோமக் காசுகள் மீது கால் வைத்தார். சிலவற்றை எடுத்துப் பார்த்ததும் தோண்டுதலை நிறுத்தி, உரியவர்க்கு அறிவித்தார். மறுநாள் ஆராய்ச்சியாளர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறக்குறைய 15,000 காசுகளும், இருநூறு வரையான பிற பொருள்களும், அவற்றை அடுக்கி வைத்த பெட்டியின் சுவடுகளும் வெளிப்பட்டன. எப்பொருள் எதன்மேல் வைக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தது. அவர் ஆசைப்பட்டு அன்றிரவே முழுவதையும் வாரியிருப்பின் பொன் கிடைத்திருக்கும், பெட்டி கிடைத்திராது. சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. இன்று அதுவும் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் உள்ளது.

அயலூர்க் கதை எதற்கு? நம் கோணேசர் மலையே இதற்குச் சான்று பகரும். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் அழித்து அதன் கற்களாற் கோட்டை கட்டியதை யாவரும் அறிவர். 1950-ஆம் ஆண்டில் நகரசபையினர் கோயிலிலிருந்து ஏறக்குறைய ஐந்நூறு யார் தூரத்திற் கிணறு தோண்டியபொழுது, சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. எந்தக் கருவியும் அவற்றைத் தேடவில்லை. தண்ணீர் தேடிய மண்வெட்டியே அவற்றைக் கண்டது. பட்டப்பகலிற் பலர் காண வெளிப்பட்டமையாலும், இடம் ஐயமின்றித் தெரிந்தமையாலும், அவை கோணேசர் கோயிலுக்குரியவை என்றும், அழிவுக்கு அஞ்சிய அன்பர்கள் அவற்றைப் புதைத்தனர் என்றும் நம்மவர் கொண்டனர். 1963 மார்ச் 3-ஆம் நாள், புதுக்கியமைத்த கோயிலில் அவை மீண்டும் எழுந்தருளின. இனி, வேறொன்றை எண்ணிப் பார்க்க. அக்கிணற்றுக்கு முன்னரே நள்ளிரவிற் கருவியோடு ஒருவன் வந்திருந்தால்? அதே திருவுருவங்கள் இன்று எங்கோ ஒரு செல்வரின் கண்ணாடிப் பேழையுள், ‘தென்னாட்டு வெண்கலம், இடம் தெரியாது’ என்னுஞ் சீட்டோடு நின்றிருக்கும். சிற்பம் குறைந்திராது, ஆனால் கோணேசர் கோயில் மூர்த்திகள் என்று அவற்றை எவரும் கும்பிட்டிரார்.

இக்காரணம் பற்றியே நம் நாட்டுச் சட்டம் இதிற் கண்டிப்பாயுள்ளது. 1940-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமின்றித் தொல்பொருளை நாடி அகழ்தல் குற்றமாகும். சொந்த வளவிற் கிடைத்தது என்பதனால் மட்டும் அத்தகைய பொருள் வளவுக்காரர்க்கு உரியதாகிவிடாது. தற்செயலாகக் கண்டவரும் அறிவித்தல் வேண்டும். இங்கிலாந்து வேறொரு வழியை மேற்கொண்டது. 1996-இற் புதையற் சட்டமும், 1997 முதல் கண்டெடுத்த பொருள்களைப் பதிவு செய்யும் திட்டமும் அங்கு வந்தன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் கிடந்த இடக்குறிப்போடு பதியப்பட்டுள்ளன. வழிகள் வேறாயினும், இடத்தைக் காத்தல் என்னும் நோக்கம் இரண்டிற்கும் பொதுவாகும். அங்கே பொழுதுபோக்காயிருப்பது இங்கே ஆகாது என்பதை, கருவி வாங்கித்தரக் கேட்கும் பிள்ளைகட்குப் பெற்றோர் விளக்குதல் நன்று.

சட்டத்தினும் கடுமையான தடை ஒன்றும் உண்டு. நம் மண்ணிற் கிடப்பன காசுகள் மட்டுமல்ல. 2009-இற் போர் முடிந்தபின், வடக்கிலும் கிழக்கிலும் மிதிவெடி அகற்றும் பணியில் ஆடவரும் பெண்டிரும் ஈடுபட்டனர். அவர்கள் கையிலும் இதே கருவிதான். காதிலும் இதே ஒலிதான். ஒருவன் ஒலி வாராதா என்று ஏங்குகின்றான். மற்றவரோ ஒலி கேட்டதும் மூச்சை அடக்குகின்றார். அவர் செய்வதை நோக்குக: ஒலி வந்த இடத்தைக் குறிக்கின்றார், அளக்கின்றார், மேலிருந்து குத்தாமல், பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக மண்ணை நீக்குகின்றார், கண்டதைப் படத்திற் பதிகின்றார். அகப்படுவது ஒரு தகரத்துண்டாயினும் முறையிற் குறைவதில்லை. அவர்க்கு அது உயிர்காக்கும் விதி. ஆனால் எண்ணிப் பார்ப்பின், அகழ்வாராய்ச்சியாளர் கைக்கொள்ளும் முறையும் ஏறக்குறைய அதுவே: குறித்தல், அளத்தல், மெல்ல நீக்கல், பதிதல். புளியும் சாம்பலும் கொண்டு தேய்த்த சிறுவனுக்கு இந்நான்கனுள் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

ஆயின், நம் மாணவர் உள்ளத்து எழும் இவ்வேட்கையை அவித்துவிடல் வேண்டுமோ? வேண்டா. அவ்வேட்கையின் நான்கு காரணங்களை ஆராய்ந்தோம். அவற்றுள் முதலாவதை விடுத்து, ஏனைய மூன்றும் கல்விக்குரியனவே. கூர்ந்த புலன், நிலத்தை வாசிக்கும் அறிவு, பெயரறியா மாந்தரோடு உறவு: இவற்றுக்குக் கருவியும் வேண்டா, மண்வெட்டியும் வேண்டா. வாடைமழை ஓய்ந்தபின் ஆசிரியரோடு கரையோரம் நடந்து பழைய துறைகளையும் கோட்டைச் சுவர்களையும் நிலப்படத்தோடு ஒப்பிடலாம். முதியோரிடம் ஊர்ப்பெயர்களின் வரலாற்றைக் கேட்டு எழுதலாம். புல்மோட்டை மணல் ஒரு கைப்பிடியும் ஒரு காந்தமும் பௌதிக வகுப்பை ஒரு மணிநேரம் மௌனமாக்கும். இதனை நான் என் வகுப்பிற் கண்டுள்ளேன். நிலத்தில் ஏதேனும் வெளிப்பட்டால் அதனைத் தொடாது நிற்றல் வேண்டும். இன்னதென்று அறியாத இரும்பாயின் விலகிச் சென்று பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். பழம்பொருள் போலத் தோன்றின், அருகிலுள்ள மரத்திலிருந்து எத்தனை அடி என அளந்து, கைத்தொலைபேசியாற் படமெடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ தெரிவித்தல் போதும்.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் மழை அரித்த வீதியோரத்தில் வட்டமான உலோகம் ஒன்றைக் கண்டு, அதனை எடாமல், மின்கம்பத்திலிருந்து காலடி எண்ணிக் கணக்கொற்றையில் எழுதிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். இருவருஞ் சென்று பார்த்தோம். சோடாப் போத்தல் மூடி அது. அவன் நாணினான். நான் அவன் எழுதிய எண்ணை வாசித்தேன்: பதினேழு அடி, கிழக்குப் பக்கம். நான் அவன் வயதில் என் ஆசிரியர்க்குச் சொல்ல இயலாத விடை அது. அந்த ஒற்றையைப் பத்திரமாக வைத்திரு என்று கூறி அனுப்பினேன்.